படத்தின் இடது பக்கத்து நிழல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு அடியில் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது உன் அம்மாவின் சிலிண்டரில் காற்று தீரப்போகிற நிலைக்கு வந்துவிட்டது. அவள் இரண்டு தடவை காட்டியும் நான் கிளம்பவில்லை. கடைசியில் வேறொருவருடைய காற்றை வாங்கிக்கொண்டுதான் மேலே வந்தாள். உனக்கு அனுப்பினேனே, வாய் நிறைய முட்டையை வைத்திருக்கும் மீன், பார்த்துவிட்டு அப்பா கலக்கிட்டீங்க என்று எழுதினாயே, அந்தப் படம் அப்போது எடுத்ததுதான். போனில் சொல்லலாம் என்றிருந்தேன், உன் அம்மா விடவில்லை. "போன்ல சொன்னா பாதியை முழுங்கிட்டு மீதியைச் சிரிச்சு மழுப்பிடுவீங்க, உட்கார்ந்து எழுதுங்க, நான் படிச்சப்புறம்தான் கவரை ஒட்டணும்" என்றாள். அதனால் நம் இரும்புக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற ஆட்களுக்கு இடையில் எழுதுகிறேன். உன் மாமா எதிரில் கொக்கிகளை எடை போட்டபடி, என்ன மச்சான், பரீட்சையா என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

இந்த முக்குளிப்புப் பைத்தியம் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். துருப்பிடிக்காத கொக்கி கொடுக்கப் போன இடத்தில் கேப்டன், அதுதான் அந்த முக்குளிப்புப் பள்ளிக்காரர், எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், வாங்க ஐயா ஒரு தடவை இறங்கிப் பாருங்க என்றார். நான் உன் அம்மாவையும் சேர்த்துவிட்டேன், இரண்டு பேருக்கு விலை குறையும் என்றுதான். கடைசியில் அவள்தான் நன்றாகக் கற்றாள். நீருக்கு நடுவில் ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்பாள். அம்மா இலை மாதிரி நிக்கறாங்க, ஐயா சிமெண்டு மூட்டை மாதிரி இறங்கறார் என்று கேப்டன் எல்லார் முன்னாலும் சொல்வார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ பிறந்தநாளுக்கு அந்தக் கேமராவும் தண்ணீர் புகாமல் அதைப் போட்டு மூடும் பெட்டியும் அனுப்பினாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை, அனுப்பியது நீ, ஆடியது நான். ஆழத்தில் சிவப்பு நிறமே தெரியாது, எல்லாம் நீலமும் சாம்பலுமாகிவிடும், லைட் போட்டால்தான் நிறம் திரும்பி வரும். அந்த லைட்டையும் கேமராவுக்கு நேரே பிடித்தால் தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் படத்தில் பனி கொட்டின மாதிரி விழும், பக்கவாட்டில் இருந்து பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. யாரைப் பிடித்தேன் என்று கேட்கத் தேவையில்லை.

அந்த மீன் மணலில் பொந்து தோண்டித் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் மீன்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கிறது, அவை பொரியும்வரைக்கும் இரை எடுப்பதில்லை என்று கேப்டன் சொன்னார். எப்போதாவது ஒரு தடவை வாயை அகலத் திறந்து முட்டைகளைப் புரட்டிக் காற்றுக் கொடுக்கும், அந்த நொடியைப் பிடிக்க வேண்டும். நான் மணலில் வயிறு படியப் படுத்துக்கொண்டேன். அவளும் படுத்தால் தூசி கிளம்பும், அதனால் கீழே இறங்காதே என்று கை காட்டிவிட்டேன். அன்றைக்கு நீரோட்டம் இருந்தது. படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை, ஓட்டத்துக்கு எதிராகக் காலை அடித்துக்கொண்டே லைட்டை ஆடாமல் பிடித்தவளுக்குத் தெரிந்தது. காலை அடித்தால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் காற்று குறையும், இது முதல் நாள் பாடம். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டுகிற மீட்டரை அவள் என் கண் முன்னால் நீட்டிக் காட்டினாள். முள் ஐம்பதுக்குக் கிட்டே. ஐம்பது வந்தால் மேலே கிளம்பு என்பது விதி. நான் என் மீட்டரைப் பார்த்தேன், நிறைய இருந்தது. அங்கேதான் பாப்பா, நான் கடைக்காரன் புத்தியைக் காட்டினேன். யார் சொல்கிற விலையிலும் உள்ளே கொஞ்சம் இடம் வைத்திருப்பார்கள் என்று வாழ்நாள் முழுக்கப் பழகினவன் நான். கேப்டன் ஐம்பது என்று சொன்னால் இருபதில் கிளம்பினாலும் போதும் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். என் காற்றில் பேரம் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, நான் பேசியது அவள் காற்றில். ஒரு விரலைக் காட்டினேன், இதோ ஒரு நிமிஷம் என்று. சற்று நேரத்தில் அவள் மறுபடி நீட்டினாள், முள் ஐம்பதுக்கு வெகு கீழே இருந்தது. நான் திரும்பக்கூட இல்லை, அதே விரலைக் காட்டினேன். அப்போது அந்த மீன் வாயைத் திறந்தது, நான் எடுத்தேன், எடுக்கும்போதே லைட் நகர்ந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது பாப்பா. இன்னும் ஒரு படம் எடுப்பதற்குள் லைட்டை நகர்த்திவிட்டாளே என்று. தலையைத் திருப்பினால் அவள் என் பக்கத்தில் இல்லை.

என் நெஞ்சில் மஞ்சள் நிறத்தில் ஓர் உபரி வாய்க்குழாய் தொங்குகிறது, கூட வருகிறவருக்குக் காற்று இல்லாமல் போனால் எடுத்து வாயில் வைத்துக்கொள்ள என்றே அது இருக்கிறது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் படுத்திருக்கிறேன். அவள் என்னைத் தாண்டி, எனக்கு மேலே, பாறைக்கு அந்தப் பக்கம் வேறு இரண்டு பேரோடு இருந்த கேப்டனிடம் நீந்திப் போய் அவருடைய குழாயை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் மெல்ல மேலே போவதை நான் கீழே இருந்து பார்த்தேன். படத்தின் இடது பக்கத்தில் சரிந்து விழுகிற நிழல் எவ்வளவு அழகு என்று நீ எழுதியிருந்தாய். அது உன் அம்மா என்னைவிட்டுத் திரும்பினபோது விழுந்த நிழல்.

பிறகு ஒரு வாரம் அவள் சண்டை போடவில்லை, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே கேட்டேன், ஏன் என்னிடம் வரவில்லை என்று. கீரையை ஆய்ந்துகொண்டே, "உங்ககிட்ட வந்தா அதுக்கும் ஒரு விரலைக் காட்டுவீங்களோன்னு தோணிச்சுங்க" என்றாள். இனிமேல் கேப்டனோடுதான் இறங்குவேன், நீங்க உங்க மீனோட இறங்குங்க என்றும் சொல்லிவிட்டாள். அவள் பக்கத்தில் இல்லாமல் அடுத்த ஞாயிறு ஒரு தடவை இறங்கிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பல் மருத்துவரை எனக்கு ஜோடி சேர்த்துவிட்டார்கள், நல்ல மனிதர். நான் அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்து ஒரு படமும் எடுக்காமல் வந்தேன்.

இதுவரை எழுதினதை மதியம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு முழுக்கப் படித்தாள். "எல்லாம் சரி, ஏணி எங்கே?" என்றாள். அது வேண்டாமே என்றேன். "அப்ப நான் எழுதிக்கறேன், பேனாவைக் கொடுங்க" என்றாள். அதனால் நானே எழுதுகிறேன். நான் மேலே வந்தபோது அவள் படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே இருந்தாள். நான் படகுக்காரரிடம், முதல்ல இந்தக் கேமராவை வாங்குங்க, நல்ல தண்ணி வாளியில வைங்க, உப்பு காஞ்சிடும் என்று கத்தினேன். கேமரா படகில் ஏறிய பிறகுதான் உன் அம்மா ஏறினாள். ஏறி உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்து, படம் வந்துச்சா என்று கேட்டாள். நான் வாளியில் இருந்து எடுத்துக் காட்டினேன். காட்டினேன் பாப்பா, வந்திருக்கு பார் என்று. நல்லா இருக்குங்க என்றாள்.

உன் மாமாவின் பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கடையின் பின்பக்க ஓடு மாற்றியாகிவிட்டது, அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. மாப்பிள்ளை வேலையில் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உடனே ஏன் என்று கேட்காதே, சாப்பிட்ட பிறகு கேள். அவர் பேசும்போது நீ போனைப் பார்க்காதே, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் சொல்கிறேன். உன் அலுவலகப் போட்டிக்கு அந்தப் படத்தைக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய், தயவுசெய்து திரும்ப வாங்கிவிடு, மறக்காதே, யாராவது கேட்டால் அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்று சொல். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

நேற்று உன் அம்மா என்னோடு மறுபடி இறங்கச் சம்மதித்தாள். நிபந்தனைகள் இவை. மேலே போகலாம் என்று கட்டை விரலை யார் முதலில் உயர்த்தினாலும் மறுபேச்சில்லாமல் இருவரும் மேலே வர வேண்டும். யார் காற்று குறைவோ அவர் மீட்டர்தான் கணக்கு. ஏணியில் அவள் முதலில். கேமரா இனி அவள் கையில், லைட் என் கையில், அவள் போதும் என்று சொல்லும்வரை. நீச்சல் குளத்திலாவது நான் எடுக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன், "தண்ணின்னா தண்ணிதான்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா