பேனல் மேல கிடந்த சட்டை

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். "உன் சோலார் விளக்குப் பொறியில ஒரு பூச்சிகூட விழல, நாளைக்கு மருந்தடிக்கப் போறேன்"னு நேத்து குதிச்சீங்களே, காலையில கத்தரித் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். விளக்குல ஒரு கோளாறும் இல்ல. நீங்க மறந்துட்டு வந்த சட்டைதான் அதோட பேனல் மேல கிடந்தது. தினமும் அங்கதான் கழட்டிப் போடுறீங்களா? பகலெல்லாம் வெயில் படலன்னா ராத்திரி அது எப்படி எரியும், பூச்சி எப்படி வந்து விழும்?

போன தடவை மருந்தடிச்சிட்டு வந்து நீங்க மூச்சுத் திணறினது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. அதனால ஸ்ப்ரேயரை அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்.

சட்டையைத் துவைச்சு வேலியில போட்டிருக்கேன். இனிமே அங்கேயே மாட்டுங்க.

இன்னொண்ணு: வந்ததும் என்னைத் திட்டுங்க, பரவாயில்ல. திட்டுறதுக்கு உங்களுக்கு மூச்சு இருந்தா போதும்.