ஐந்தாவது பொட்டலம்

சென்னை,
4.6.1979

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி முத்திருளன் வணங்கி எழுதுவது.

பொறியியலில் முனைவர் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததென்று எல்லோரும் மாலை போட்டு அனுப்பினீர்கள். இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் பேராசிரியர்கள் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் இடம் போய்விடும். வாயைத் திறந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஊருக்கே வந்துவிடலாமா என்று இருக்கிறது.

மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடித்து, வீட்டுச் சுவரைப் பிளக்கும் கரிசல் மண்தான் என் ஆராய்ச்சி. நம் புஞ்சையின் நான்கு மூலை மண்ணையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அனுப்பு.

முத்திருளன்

ஆனையூர்,
15.6.1979

அன்புத் தம்பிக்கு அக்கா பாண்டியம்மாள் எழுதியது.

மண்ணைக் காளவாசல் லாரி செட்டில் பார்சலாகப் போட்டாயிற்று. "நம்ம மண்ணு மெட்ராஸுக்குப் படிக்கப் போகுதா?" என்று உன் மச்சான் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. அதனால் நம் கருப்பு சாமி கோயிலில் பூசாரி கையால் சாமி காலடிப் பிடிமண் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து அதோடு வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் பத்திரமாக வை. தரையில் மட்டும் இறக்கிவிடாதே. இறக்கிய இடத்திலேயே சாமி நின்றுவிடும்.

வேளைக்குச் சாப்பிடு, பயந்தாங்கொள்ளி.

பாண்டியம்மாள்

சென்னை,
25.6.1979

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. மண் அதற்கு முன்பே வந்துவிட்டது. மஞ்சள் துணியைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அதையும் வயல் மண்ணென்று நினைத்து, ஆய்வுக்கூட அடுப்பில் சுட்டு, இடித்து, சலித்து, தண்ணீர் ஊற்றினேன். மற்ற நான்கும் உப்பின. ஐந்தாவது அசையவே இல்லை. "இது எங்கே எடுத்தது?" என்று பேராசிரியர் கேட்டார். நான் பொட்டலத் துணியைப் புரட்டிப் பார்த்தேன்.

மிச்சத்தைப் பின்னாலிருக்கும் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டார்கள். சாமியைச் சுட்டவன் எப்படி அக்கா தேறுவான்? ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். கோயிலில் விழுந்து கும்பிட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுகிறேன். மச்சானிடம் சொல்லாதே.

முத்திருளன்

ஆனையூர்,
28.6.1979

தம்பி,

படித்ததும் பூசாரி அழகுமலை அண்ணனிடம் ஓடினேன். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. சாமி முன்னால் இரண்டு தடவை பூக்கட்டிக் குறி பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "எம்புட்டுச் சுட்டாலும் பிடிமண்ணு பிடிமண்ணுதான் தாயி. அங்கன எறங்கி நின்னுட்டாரு. ஒன் தம்பி கெளம்பி வந்துட்டா வெளக்குப் போட ஆரு இருக்கா?"

அதனால் நீ வரக் கூடாது. அந்த வேப்பமரத்தடியில் வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் கொளுத்து. தேர்வுக்கு அங்கே கும்பிட்டுவிட்டுப் போ.

எனக்குப் பயம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே. பிடிமண் இறக்கிய ஊரை விட்டு நம் ஆட்கள் யாரும் திரும்பி வந்து குடியிருந்ததில்லை. அதனால்தான் தரையில் இறக்காதே என்று எழுதினேன். நீ என்றைக்காவது வருவாய் என்று இருந்தேன்.

உன் அறையில் பருத்தி மூட்டையை அடுக்கச் சொல்லிவிட்டேன். படுக்க இடமில்லை. ரயில் ஏறாதே.

உன் அக்கா
பாண்டியம்மாள்