கட்டடம் வந்தாச்சு கிரேசு, ஆளுதான் வரல்ல

ஏட்டி கிரேசு, என் கூடப்பிறந்த பொன்னே,

அங்கேயாவது கால் நீட்டி உட்கார விட்டிருக்கிறார்களா? இல்லை, "ஆள் குறைவு சிஸ்டர், கொஞ்சம் சமாளிங்க" என்று அங்கேயும் ரெண்டு பேர் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்களா? கேட்டால் "சும்மா கெட அக்கா" என்று சிரிப்பாய். சிரிக்காதே.

சேதி ஒன்று சொல்லணும். நீ நர்ஸாக வேலை பார்த்த நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் உன் பேரில் ஒரு பிரசவ வார்டு கட்டியாச்சு. நம்ம அண்ணன்தான் கட்டினார். துபாயில் கணக்கு பார்த்துச் சம்பாதித்ததில் ஒரு பங்கு. நம்ம ஆட்களுக்குச் செத்தவர் பேரைக் கல்லில் பார்த்தால்தானே மனசு ஆறும்? சர்ச்சில் பெஞ்சு, பஸ் ஸ்டாப்பில் கூரை, எல்லாவற்றிலும் ஒரு பேர். உனக்குக் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. பெரிய பெரிய ஆட்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள்.

கட்ட ஆரம்பிக்கும்போதே கேட்டேன், "அண்ணே, இதுல வேலை பாக்க ஆளு யாரு?" என்று. "அதெல்லாம் கவர்மென்டு பாத்துக்கிடும், நீ வாய மூடு" என்றார். கவர்மென்டு பார்த்துக்கொண்டது. ரிப்பன் வெட்டிய மறுநாள் பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டு இன்னும் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஷீபா அந்த ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற்றாள். பச்சைப் பிள்ளையோடு பழைய வார்டு வராந்தாவில் பாயில் கிடந்தாள். எதிரே ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உன் வார்டு. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையோடு புதுக் கட்டில் வரிசையாகக் கிடக்குது. எனக்கு வந்ததே ஒரு வெப்ராளம், ஒரு ஆத்திரம்! நேரே சுகாதாரத் துறை ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுசன்தான், நாற்காலி எல்லாம் போட்டார். "அம்மா, கட்டடம்னா ஒரு தடவை செலவு. நர்ஸுன்னா மாசாமாசம் செலவு. போஸ்டுக்கு அனுமதி இல்ல. சிஸ்டர் இருந்த எடத்துக்கே இன்னும் ஆள் போடல்ல" என்றார். உன் இடத்துக்கே ஆள் போடவில்லையாம், கேட்டியா?

போன ஞாயிறு உன் நினைவு ஜெபம். சாப்பாட்டுப் பந்தியில் நான் இதைச் சொன்னதும் அண்ணன் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "சம்பளம், மருந்து, பஞ்சு, இதெல்லாம் அரசாங்கத்துக்க நுகர்வுச் செலவு. கட்டடம், ரோடு, இதெல்லாம் முதலீடு. நாட்டு வருமானத்துல அந்த நுகர்வுச் செலவுக்க பங்கு கூடிச்சுன்னா நாடு உருப்படாது."

இலையை மடக்கிவிட்டேன். "அப்ப பிரசவம் பாத்தவ நாட்டைத் தின்னு தீத்தவ. பூட்டுன கட்டடம் நாட்ட வளக்குது. அப்படித்தானே?"

அண்ணன் மகள்தான், நாகர்கோவிலில் பொருளாதாரம் படிக்கிறாளே, அவள் மெல்லச் சொன்னாள். "மாமி, நம்ம நாட்டுல அந்தப் பங்கு பத்துல ஒண்ணு சொச்சம்தான். இங்கிலாந்துல அஞ்சுல ஒண்ணு. நம்ம ஊரு நர்ஸுப் பிள்ளைகள் எல்லாம் அங்கதானே போறாங்க?" அண்ணன் அவளை முறைத்த முறைப்பை நீ பார்த்திருக்கணும்.

உனக்கும் அங்கே போக ஒரு வாய்ப்பு வந்ததே. "நான் போயிட்டா இங்க பிரசவம் பாக்க யாரு இருக்கா அக்கா?" என்று விட்டாய். போயிருந்தால் இன்றைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் பனி பெய்கிற படம் அனுப்பிக்கொண்டு இருப்பாய்.

அந்த மத்தியானம் உனக்கு நெஞ்சு வலித்தது. உன்னை மாற்றிவிட வர வேண்டிய அடுத்த ஷிப்ட் நர்ஸை வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே இன்ஸ்பெக்ஷன். ஆள் குறைவு வெளியே தெரியக்கூடாது என்று அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுகளைக் கடன் வாங்கி நிறுத்துவார்களே, அதற்கு. நீயும் அப்படிப் போய் நின்றவள்தானே. வந்து பார்த்தவர்கள் ஆள் நிறைய இருக்கு என்று எழுதிக்கொண்டு போனார்கள். இங்கே நீ, வலியோடு, வலியெடுத்துக் கிடந்த ஒருத்தியை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றாய். அந்தப் பிள்ளை பிறந்தது. நீ சரிந்தாய். ஏட்டி, ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா? அவளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கக் கூடாதா? மாட்டாய். எனக்குத் தெரியும்.

நீ செத்த மாதம் முதல் உன் சம்பளம் மிச்சம். அண்ணன் கணக்குப்படி அந்த அளவுக்கு நாடு முன்னேறியிருக்கு. சந்தோஷமா?

நர்ஸ் வேண்டும் என்று ஊர்ப் பெண்களிடம் கையெழுத்து வாங்கி அந்த ஆபீஸில் கொடுத்திருக்கிறேன். ஷீபா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக என்னோடு வந்தாள். கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் உன் வார்டில் ஒரு நர்ஸ் வந்து நிற்கவில்லை என்றால், கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் உன் பேர்க் கல்லை நானே பெயர்த்து எடுப்பேன். அண்ணன் என்னோடு பேச்சை விடட்டும், போலீஸ் வரட்டும். பிள்ளை பெற்றவள் தரையில் கிடக்க, பூட்டின கதவுக்கு மேலே உன் பேர் மினுங்கிக்கொண்டு இருக்க விடமாட்டேன். இது சத்தியம், மக்கா.

உனக்குப் பதிலாகக் கத்திக்கொண்டிருக்கும்
உன் அக்கா