படிக்கட்டை முன்பக்கம் கொண்டுவந்துவிட்டேன், அக்கா

படிக்கட்டை மாற்றும் பேச்சு வந்த அன்றைக்கு உங்கள் டிபன் கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான், அக்கா. கல்லாவில் நீங்கள். தட்டுத் துடைத்துக்கொண்டு நான். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு நம் கொழுந்தன் சேகர். அளவு நாடாவோடு கொத்தனார் ஏழுமலை. மாடியிலிருந்து சாப்பிட இறங்கி வந்த வக்கீல் தங்கராசு. இலைக்கு முன்னால் என் வீட்டுக்காரர். இன்று காலை கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஈரச் சிமென்ட் வாசனை மூக்கில் ஏறியது. அத்தனை பேரும் என் நினைவில் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

திண்டிவனம் கடைத்தெருவில் மாமனார் கட்டிய கட்டடம். கீழே கடைகள், மாடியில் ஆபீசுகள், கடைகளுக்கு நடுவில் படிக்கட்டு. மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு வைத்துவிட்டுப் போனார். மூத்தவர் தவறிப்போன பிறகு நீங்கள் உங்கள் பங்கில் டிபன் கடை வைத்தீர்கள். ஓரகத்தியாயிற்றே என்று நானும் காலையில் வந்து கூட நிற்பேன்.

அந்தக் கடை எதனால் ஓடியது என்று உங்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. மயிலம் பக்கத்திலிருந்து வக்கீலைப் பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருவார்கள். மேலே அவர் கூப்பிடும்வரை காத்துக்கிடந்து, பசி தாங்காமல் கீழே இறங்குவார்கள். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்துக் கடையில் பேத்திக்கு வளையல் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண்கள் பதினோரு மணிக்கு டீக்கு வந்து, அப்படியே பூவும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். "மேல காத்துக்கினு கீறவங்கதான்டி அம்சா, கீழ நமக்குக் கூட்டம்" என்பீர்கள்.

சேகருக்கு அது கண்ணில் படவில்லை. அவன் கண்ணில் பட்டது படிக்கட்டு அடைத்துக்கொண்டிருந்த இடம்தான்.

"நடுவுல இது எதுக்கு அண்ணி? இங்க ஒரு செல்போன் கடை வெக்கலாம். படிக்கட்ட பின்னால சந்துக்குத் தள்ளிடலாம். ஆபீசுக்குப் போறவன் எந்தப் பக்கமா போனா என்னா?"

"எந்தப் பக்கமா போறான்றதுலதான்பா எல்லாம் கீது" என்றீர்கள். "சந்துல ஏறி சந்துலயே எறங்குறவனுக்கு, இங்க ஒரு கடை இருக்கறதே தெரியாது."

வக்கீலும் சேர்ந்துகொண்டார். "என் கட்சிக்காரங்க இட்லிக்கடை மாடின்னு விசாரிச்சிக்கினுதான் வர்றாங்க. அந்தச் சாக்கடையத் தாண்டி பொம்பளப் புள்ளைங்க எப்பிடி ஏறும்?"

"நீங்க வாடகைக்கு இருக்கறவரு சார். வக்காலத்த கோர்ட்டுல வெச்சிக்குங்க" என்றான் சேகர். நான் வாயைத் திறந்ததும் என் பக்கம் திரும்பினான். "சின்னண்ணி, நீங்க இட்லி ஊத்துங்க, அது போதும்."

"ஊத்துறேன். உனக்கில்ல" என்றேன்.

ஏழுமலை சிரித்தார். பிறகு எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள், சேகர் வேண்டும் என்கிறான். மூன்றாவது பங்கு அவருடையது. அவர் சொல்வதுதான் முடிவு. தினமும் உங்கள் கையால் சாப்பிட்டவர். ஒரு வார்த்தை உங்களுக்காகப் பேசியிருக்கலாம்.

"தம்பி யோசிக்காமயா சொல்லுவான்" என்றார். உடனே, "அண்ணி, கொஞ்சம் சட்னி."

நீங்களும் ஊற்றினீர்கள். ஏழுமலை நாடாவை விரித்து அளக்கத் தொடங்கினார்.

படிக்கட்டு பின்பக்கச் சந்துக்குப் போயிற்று. அடுத்து நடந்ததெல்லாம் நீங்கள் சொன்னபடிதான். சந்துக்குள் போய் ஏற மாட்டோம் என்று இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண்கள் சண்டை போட்டு, ஆபீஸே பைபாஸ் பக்கம் போய்விட்டது. வக்கீல் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக்கொண்டார். மாடி மூட்டை அடுக்கும் குடோன் ஆயிற்று. பதினோரு மணிக்கு உங்கள் பாய்லரில் தண்ணீர் சும்மா கொதித்துக்கொண்டிருந்தது. வளையல் கடை போயிற்று. உங்கள் கடையும் போயிற்று. கடைசியில் அந்தச் செல்போன் கடைக்காரனும் ஷட்டரை இறக்கிவிட்டான்.

வளவனூரில் மகள் வீட்டில் நீங்கள் படுத்துவிட்டபோது பார்க்க வந்தேன். என் பிள்ளைகளைக் கேட்கவில்லை, ஊர்க்கதை கேட்கவில்லை. "மாடிக்கு யாராச்சும் வந்தாங்களாடி?" என்றீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது வந்திருக்கிறார்கள், அக்கா.

சேகர் தன் பங்கை விற்றுவிட்டுப் புதுச்சேரி போனான். என் மகள் வாங்கினாள். விழுப்புரத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் காரில் வந்தார். கீழும் மேலும் மொத்தமாகக் கொடுங்கள், எல்லாத் தளத்திலும் துணி அடுக்குகிறேன் என்றார். மருமகனுக்கு வாயெல்லாம் பல். "ஆபீசெல்லாம் ஊருக்கு வெளிய போயிடுச்சி அத்தே. டவுனுக்குள்ள இனிமே எவன் மாடி கேப்பான்?" என்றார். "ஏறுறதுக்கு வழி வுட்டா கேப்பான்" என்றேன். செல்போன் கடையை இடிக்கச் சொன்னேன். அதே ஏழுமலையின் மகன்தான் கட்டினான். அகலமான படி, பிடித்து ஏறக் கம்பி, இரண்டு பக்கமும் கடை வாசல்.

பூச்சு காய்வதற்குள் ஒரு ஆடிட்டர் வந்துவிட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்கள் ஒரு கூட்டமாக வந்திருக்கிறார்கள். ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. கீழே டிபன் கடை போட்டிருப்பது உங்கள் மகள் கலாவதி. இன்று பதினோரு மணிக்கு டீ போதாமல், "சித்தி, இன்னொரு பால் பாக்கெட்டு, ஜல்தி!" என்று கத்தினாள். நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் கட்டடம் வைத்திருக்கிறவர்கள் இனி என்னிடம் வந்து கேட்கட்டும்.

சேகர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆசைப்பட்டான், அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னான், தோற்றான். ஆனால் கேளுங்கள், இன்று என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு புதுப் படியில் நின்று அந்த ஆடிட்டரிடம் சொல்கிறார்: "படிக்கட்டு முன்னாலதான் இருக்கணும்னு நான் அப்பவே சொன்னேன் சார்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடப் பிள்ளைகளைச் சொல்ல வைத்தேன். இங்கே எழுதுகிறேன், இந்த ஒருவரைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்: கோவிந்தசாமி.