போலந்திலிருந்து வந்த உன் மாணவன்

தூத்துக்குடி
28.4.1976

அன்புள்ள பிளாரன்சுக்கு,

நீ கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இங்கே சித்திரை மாதம் என்பதையே மறந்துவிட்டாயா? வேகிற வெயிலில் இதை யார் போடுவது?

கொண்டுவந்தவன் புதுத் துறைமுகத்தில் நிற்கும் போலந்துக் கப்பலின் மாலுமி. கப்பலேறுவதற்கு முன் அங்கே பல்கலைக்கழகத்தில் உன்னிடம் ஆங்கிலம் படித்தானாம். வீட்டுக்குள் வந்ததும், சத்தம் போட்டுக்கொண்டிருந்த நம் ரீத்தாவிடம், "ஏலே, சும்மா இரு" என்றான். வகுப்பில் நீ அப்படித்தான் அதட்டுவாயாம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தானே உதவித்தொகை கொடுத்து உன்னை அனுப்பினார்கள்?

மீன் குழம்பு வைத்திருந்தேன். உப்புக் கூடிவிட்டது. குறை சொல்லாமல் சாப்பிட்டான். நீ வகுப்பில் விழுந்து விழுந்து சிரிப்பாயாம், அதற்காகவே கொட்டுகிற பனியிலும் எல்லோரும் வருவார்களாம். எனக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று மறுபடியும் சொல்லச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவன் போனபிறகு ரீத்தா கேட்டாள்: "அம்மா அங்கன மட்டும் ஏம்ப்பா சிரிக்கா?"

"போய்ப் படி" என்று எரிந்து விழுந்தேன்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். உடனே புறப்பட்டு வா என்று எழுதி, ஒட்டியும் வைத்திருந்தேன். இன்று அதைக் கிழித்துவிட்டேன். இருந்துவிட்டே வா. ஆனால் அப்படி என்னதான் சிரிப்பு என்று ஒரு கடிதத்தில் விவரமாக எழுது. நாங்களும் சிரிக்க முடிகிறதா, பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்