பச்சைப் புடவை கட்டிய அன்னாள்

என் மாமாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் சபைக் கமிட்டி கிடையாது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். இருந்தால் சொல்லிவிடு, நான் அங்கே வருவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு இன்று. ஆரம்பாக்கத்தில் நம் சர்ச் நாடகம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். உன் கொடுங்கோல் ஏரோது ராஜா வேஷத்தை வேறு ஒருவர் போட்டார். கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது, ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை. கமிட்டியில் யாரைக் கூப்பிட்டிருந்தாலும் வேஷமே இல்லாமல் பொருந்தியிருப்பார்கள்.

கடைசிக் காட்சியில் அன்னாள் வருவாளே, ஞாபகம் இருக்கிறதா? இளவயதில் புருஷனைப் பறிகொடுத்து, கிழவியாகிற வரைக்கும் ஆலயத்திலேயே ஜெபத்தில் கிடந்தவள். குழந்தை இயேசுவைப் பார்த்ததும் எல்லோருக்கும் சொன்னவள். மாசி மாதம் உன்னை அடக்கம் பண்ணினதிலிருந்து நான் அவளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போதுகூட அவள் நினைப்புதான். அவளுக்கு அந்த முதல் வருஷம் எப்படிப் போயிருக்கும், மாமா?

அதனால் அந்த வேஷத்தை நானே போய்க் கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நாடகத்துக்குப் பொறுப்பான, சபைச் செக்ரட்டரியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உருகி உருகிச் சொன்னார்.

"தப்பா நெனைச்சிக்காத எஸ்தரு. நல்ல நாளும் அதுவுமா உன்ன எப்டி மேடையில ஏத்துறது? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? ஒரு வருசம் போவட்டும்."

விதவை வேஷத்துக்கு விதவை ஆகாதாம். ராகு காலம் பார்க்கிறவர்களுக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கிற அம்மா இவர். வாயில் ஸ்தோத்திரம், வயிற்றில் சகுனம்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். வேஷத்தை ஞாயிறு பள்ளி டீச்சருக்குக் கொடுத்தார்கள். வெள்ளைப் புடவை என்றதும் அவள் மாமியார் சர்ச் வாசலுக்கே வந்துவிட்டார். "எம்புள்ள குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறான், அவன் பொண்டாட்டிக்கு வெள்ளப் பொடவையா?" அடுத்தவளுக்குத் திடீரென்று இடுப்பு வலி. அதற்கடுத்தவள் அம்மா வீட்டுக்குத் திருவள்ளூர் போய்விட்டாள். சரி, செக்ரட்டரியம்மாவே கட்டிக்கொள்ளலாமே? அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. உயிர்த்தெழுதலை நம்புகிற சபை, ஆறு கஜத் துணிக்கு இந்த ஓட்டம் ஓடியது.

உன் தங்கச்சிக்குக் கேட்டதும் கோபம். "இன்னா அண்ணி, இன்னும் இவுங்க மூஞ்சியில முழிச்சிக்கினு கீற? வேற சபைக்குப் போய்டலாம் வா" என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அன்னாளைப் பற்றித் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் ஆலயத்தை விட்டுப் போகவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள் என்று எங்கும் எழுதவில்லை. அவளைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இவர்களுக்காக நான் ஏன் என் ஆண்டவர் வீட்டை விட்டுப் போக வேண்டும்?

கடைசியில் பாஸ்டர் நம் வீட்டுக்கு வந்து காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "சிஸ்டர், நீங்களே பண்ணிடுங்களேன்."

"பண்றேன். ஆனா வெள்ளப் பொடவைன்னு வேதத்துல எங்க போட்டுக்கீது பாஸ்டர்?"

பாஸ்டர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தலையாட்டினார். போன கிறிஸ்துமஸுக்கு நீ எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டினேன். நீ போனதிலிருந்து அதைத் தொடவே இல்லை. மடிப்பைப் பிரித்தபோது அழுதேன், மறைக்கவில்லை.

மாட்டுத்தொழுவத்து முன்னணைக் காட்சியில் குழந்தை இயேசுவாகச் செக்ரட்டரியம்மாவின் பேரனையே படுக்க வைத்தார்கள். என் காட்சி வந்ததும் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை. முன்னாலேயே சொல்லிவிட்டார்: "பச்ச கொழந்த பாரு, அந்த சீனுக்கு மட்டும் பொம்ம போதும்." என் கை பட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமாம்?

நான் பொம்மையைப் பார்த்தேன். அன்னாள் பொம்மைக்காகவா அத்தனை வருஷம் காத்திருந்தாள்? மேடையை விட்டு இறங்கி, நேராக அவர் முன்னால் போய் நின்றேன். மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்து, "இதோ, நாம் காத்திருந்தவர் வந்துவிட்டார்" என்று என் வசனத்தைச் சொன்னேன். அந்த வாண்டு சிரித்துக்கொண்டே என் முந்தானையை எட்டிப் பிடித்தது. சபையே பார்த்துக்கொண்டிருந்ததால் செக்ரட்டரியம்மாவால் பிடுங்கவும் முடியவில்லை. தொண்டை கட்டிய அம்மா, எல்லோருக்கும் முன்னால் "அல்லேலூயா" சொன்னார்.

பிள்ளை முந்தானையை விட்ட பிறகுதான் நான் நகர்ந்தேன், மாமா.

அடுத்த வருஷமும் அவர்கள் ஒரு பொம்மையோடு வருவார்கள், எனக்குத் தெரியும். நாம் உட்கார்ந்த அதே இடத்தில், உன் இடத்தைக் காலியாக விட்டு, நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இன்றைக்கும் உன் பெண்டாட்டி,
எஸ்தர்