சரியாகிவிட்ட கம்ப்யூட்டர்

ஐப்பசி 9, ஞாயிறு

பட்டறையில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் வரையும் கம்ப்யூட்டர் பத்து நாளாக உயிரை வாங்குகிறது. பெரிய டிசைனைத் திறந்தால் போதும், பொட்டென்று அணைந்துவிடும். அதைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவள் என் மகள் கவிதா. கல்யாணமாகிப் புனேவுக்குப் போன பிறகு வாரம் ஒருமுறை பேசுவாள், அதுவும் இரண்டு நிமிடம்.

இன்று வீடியோவில் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். உள்ளே கிராபிக்ஸ் கார்டின் மேல் சந்தனப் பொட்டு.

"ஏனுங்கப்பா, ஆயுத பூஜைக்கு இதையுந் தொடச்சீங்களா?"

"தொடைக்கல சாமி. காத்துதான் அடிச்சேன்."

"லாரி டயருக்குப் புடிக்கற காத்த இதுக்குள்ள புடிப்பாங்களா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று.

கார்டுக்குக் கரண்ட் போகும் ஒயர் பாதி கழன்று நின்றது. "சுச்ச நிறுத்திட்டு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுத்துங்க" என்றாள். போனை ஓரமாகச் சாய்த்துவிட்டு அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே உட்கார்ந்துவிட்டது. தெரிந்தும், இன்னும் சத்தம் வரவில்லை என்று இரண்டு தடவை பொய் சொன்னேன். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வேலை, அங்கே பெய்யும் மழை, அவள் இளைத்துப்போனது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

வைக்கும்போது, "மறுபடி அணைஞ்சா உடனே கூப்பிடுங்கப்பா" என்றாள்.

சாயங்காலம் முழுக்க, இருப்பதிலேயே பெரிய டிசைனைத் திறந்துவைத்து முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாழாய்ப்போனது, ஒரு தடவைகூட அணையவில்லை.